இரவல் கட்டில்

மனைவி போய்ச் சேர்ந்து ஏழு மாதமாகியும் லிஃப்ட்காரர் கட்டிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கட்டில் அவருடையதல்ல. தேவாலயத்தின் பின்புறம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் சேவை இல்லம் இரவலாகக் கொடுத்தது. கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு உயரும் ஆஸ்பத்திரிக் கட்டில். எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று கேட்காமல் கட்டில், சக்கர நாற்காலி, ஊன்றுகோல் என எல்லாமே கொடுப்பார்கள். “வேலை முடிஞ்சதும் தந்தா போதும்” என்பார்கள். அந்த வேலை எப்படி முடியும் என்பது வாங்குகிறவர்களுக்கும் தெரிந்ததுதான்.

மூன்று முறை ஃபோன் வந்தது. மூன்று முறையும் “நாளைக்கு” என்றார். கூடத்தில் அவள் படுத்திருந்த இடம் காலியாகிவிடுமே என்று மனசு கேட்கவில்லை. நான்காம் முறை சிஸ்டரே பேசினார்.

“அவசரப்படுத்துறேன்னு நினைக்காதீங்க அண்ணா. ஒரு அம்மா தரையில படுத்திருக்காங்க. குனிஞ்சு குனிஞ்சு தூக்கி அவங்க பொண்ணுக்கு இடுப்பு போச்சு.”

அவருக்குச் சுருக்கென்றது. அன்றே கட்டிலைக் கழற்றி, துடைத்து, வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு போனார்.

சேவை இல்லத்துக் கொட்டகையில் ஒன்பது கட்டில்கள் துருப்பிடித்துச் சுவரில் சாய்ந்திருந்தன. காலொடிந்த நாற்காலிகள் வேறு.

“இதெல்லாம் என்ன சிஸ்டர்?”

“ரிப்பேர். ஜெபம் பண்ண வர்றாங்க, பாட்டுப் பாட வர்றாங்க, சோறு பரிமாறக்கூட வர்றாங்க. நட்டு முறுக்கத்தான் ஒருத்தரும் வர்றதில்ல.”

“எனக்குச் சாமி நம்பிக்கையெல்லாம் கிடையாது.”

“கட்டிலுக்கும் கிடையாது அண்ணா. நீங்க ரெண்டு பேரும் நல்லா ஒத்துப்போவீங்க.”

பல நாளைக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. ஒரே ஒரு கட்டிலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தவர், பொழுது சாயும்போதுதான் எழுந்தார். மறுநாள் சொந்த ஸ்பேனர்களோடு வந்தார். அதற்கு மறுநாள் கிரீஸ் டப்பாவோடு. நான்கு மாதத்தில் ஒன்பது கட்டிலும் ஆள் தாங்கும் நிலைக்கு வந்துவிட்டன. அவரே வீடு வீடாகக் கொண்டுபோய், பாகங்களைப் பூட்டியும் கொடுத்தார். வெளியூரிலிருந்த மகள், “எங்ககூட வந்து இருங்கப்பா” என்று கூப்பிட்டபோது, “வியாழக்கிழமை ரெண்டு கட்டில் போகணும்மா” என்று சொல்லிவிட்டார்.

அதற்காகத் துக்கம் ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. மதியம் பன்னிரண்டரை ஆனால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். வேலைக்குப் போன காலமெல்லாம் அந்த நேரத்துக்கு அவள் கூப்பிடுவாள். “சாப்பிட்டாச்சா?” என்பாள். அவ்வளவுதான், பதிலைக்கூட முழுசாகக் கேட்காமல் வைத்துவிடுவாள். இப்போது ஃபோனை எடுத்துப் பார்ப்பார், சட்டைத் துணியில் துடைப்பார், திரும்பப் பையில் போடுவார்.

ஒரு வியாழக்கிழமை தையல்காரர் ஒருவர் வீட்டுக்குக் கட்டில் போனது. இரண்டே அறை. முன்னறையில் தையல் மெஷின், உள்ளறையில் நோயில் கிடக்கும் மனைவி. இரண்டு பேருமாக அந்த அம்மாளைப் பூப்போல் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். தையல்காரர் ஒரு நிமிடம் சும்மா நிற்கவில்லை. தலையணை உறையை மாற்றினார், திரைச்சீலையை இழுத்துவிட்டார், போர்வை ஓரத்தில் பிரிந்திருந்த தையலைப் பார்த்துவிட்டு ஊசியைத் தேடி முன்னறைக்கு ஓடினார்.

“ஏங்க, சித்த இங்க வாங்களேன்” என்றாள் அந்த அம்மாள், குரலே எழும்பாமல்.

“இதோ வந்துட்டேன், ஒரே நிமிஷம்.”

லிஃப்ட்காரர் முன்னறைக்குப் போய், தையல்காரர் கையிலிருந்த ஊசியை மெல்ல வாங்கினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். என் வீட்டுக்காரியும் இப்படித்தான் கூப்பிட்டா. ‘கொஞ்சம் உக்காருங்க, ஒண்ணு சொல்லணும்’னா. நான் கட்டிலுக்கு அடியில படுத்து சக்கரத்துக்கு கிரீஸ் போட்டுக்கிட்டிருந்தேன். இந்த ஒரு சக்கரம் முடிச்சிட்டு வர்றேன்னு சொன்னேன். எந்திரிச்சுப் பாத்தா தூங்கிட்டா. அப்புறம் அவளுக்கு நினைவே திரும்பல.”

தையல்காரர் அவரையே பார்த்தார்.

“என்ன சொல்ல வந்திருப்பாங்க?”

“தெரியல சார். ஒண்ணுமே இல்லாத விஷயமாக்கூட இருக்கும். அந்த ஒண்ணுமில்லாததுதான் எனக்கு வேணும்.”

மகளிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை. தையல்காரர் உள்ளறைக்குப் போனார். நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. லிஃப்ட்காரர் வாசல் வழியாக வெளியேறிவிட்டார்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் கட்டிலைப் பூட்டியதும் பக்கத்தில் ஒரு நாற்காலியையும் போட்டு, நோயாளிக்கு நெருங்கியவர் யாரோ அவரை அதில் உட்காரவைத்துவிட்டுத்தான் கிளம்புவார். மிச்ச வேலையைத் தானே பார்ப்பார். பாத்திரம் தேய்த்த வீடும் உண்டு. “லிஃப்ட்காரர் அண்ணா கட்டிலோட ஒரு கட்டளையும் கொண்டுபோறாரு” என்று சிஸ்டர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

பத்து வாரம் கழித்துத் தையல்காரர் வந்தார். கட்டில் பின்னால் வண்டியில் இருந்தது. இரண்டு பேரும் இறக்கிவைத்தார்கள். துக்கம் விசாரிக்க வாய் திறந்தார் லிஃப்ட்காரர். தையல்காரர் முந்திக்கொண்டார்.

“உக்காந்தேன் சார். நீங்க சொன்ன மாதிரியே.”

“பேசினாங்களா?”

“பேசினா, பேசினா, அப்படிப் பேசினா. ஆனா ஒரே கதைதான். கல்யாணமான புதுசுல நான் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டது. அதையே பதினேழு தடவை சொன்னா.”

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. பதினேழு தடவை. எவ்வளவு கொடுத்துவைத்த மனுஷன் என்று நினைத்தார். நினைத்ததற்கு வெட்கப்பட்டார். கொட்டகை ஓரமிருந்த பெஞ்சைத் துடைத்து, தையல்காரரை உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அந்தக் கதையை எனக்கு ஒரு தடவை சொல்லுங்க.”

“அதுல ஒண்ணுமே இல்லையே சார்.”

“பரவால்ல.”

தையல்காரர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“அவ ஏறிட்டா. நான் ஏறல, பஸ் கிளம்பிடுச்சு. அடுத்த ஸ்டாப்புல இறங்கி, என்னைத் தேடி அவ நடந்து வர்றா. நான் அவளைப் பிடிக்கணும்னு அடுத்த பஸ்ஸுல ஏறி முன்னாடி போறேன். ஜன்னல்ல பாத்தா, எதிர்ப்பக்கம் அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு நடந்து போயிட்டிருக்கா. கத்துறேன், அவளுக்குக் கேக்கல…”

“அப்புறம்?” என்றார் லிஃப்ட்காரர்.