விண்கலப் பெட்டிக்கு ஊதுபத்தி

டிவி தொடரில் வரும் விண்கலப் பெட்டியைத் தெர்மகோலில் செய்து முடிக்க, சைகோனில் வாடகைக்கு இருந்த வெளிநாட்டுக்காரன் கஸ்தோனுக்கு மூன்று மாதம் ஆனது. பெயிண்ட் காயட்டும் என்று, சிவப்பு பல்புகள் மினுங்க, வாசலைப் பார்த்துத் தரையில் வைத்துவிட்டு பக்கத்து நகரமான வுங் டாவுக்கு வேலைக்குப் போனான். அந்த ஊரில் வீட்டுச் சாமிகளும் இப்படித்தான் சிவப்பு விளக்கோடு தரையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அது அவனுக்கு மறந்துபோனது.

மறுநாள் மாதிரி வடிவங்களுக்கான போட்டிக்குப் பெட்டியை எடுக்க ஓடிவந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். பெட்டியின் தலையில் மூன்று ஊதுபத்தி செருகியிருந்தது. சுற்றிலும் தெர்மகோல் உருகி, குழி விழுந்திருந்தது. வீட்டுக்கார அம்மா கைகூப்பி நின்றாள்.

"உங்க ஊர் சாமியா தம்பி? நேத்து வேண்டிக்கிட்டேன். ஐசியூவுல கிடந்த என் மகன் இன்னைக்குக் கண்ணத் தொறந்துட்டான்."

சர்ச்சில் ஞாயிறு பூசைக்கே ஒழுங்காகப் போகாத கஸ்தோன், மங்கிப்போயிருந்த சிவப்பு பல்புகளைப் பார்த்தான்.

"ஆமாக்கா. ஆனா பேட்டரி மாத்தணும்," என்று கடைக்குக் கிளம்பினான்.