நான்காம் இடத்தில் பூச்சி இல்லை

ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கும் அலுவலகத்தில் அவளுக்குப் பூச்சியக்கா என்று பேர். மற்றவர்கள் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து சோதிப்பார்கள். இவள் முழங்கால் ஆழத்தில் இறங்கி, கல்லைப் புரட்டி, வலையில் சிக்கும் பூச்சிகளை வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுவாள். பதினேழு வருடமாக இதே வேலை. முட்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

அன்று முதல் மூன்று இடங்களில் கல்லைத் திருப்பியதுமே மூன்று வால் கொண்ட பூச்சிக்குஞ்சுகள் சிதறி ஓடின. தண்ணீர் கெட்டால் முதலில் சாவது அவைதான். நான்காம் இடம் பாலத்தை ஒட்டி இருந்தது. அங்கே சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்கள் மட்டுமே. மூச்சு முட்டும் தண்ணீரிலும் பிழைத்துக் கிடக்கிற ஜென்மங்கள்.

"எண்ணிப் பாத்தா பூச்சியமா?" என்றார் அதிகாரி. அந்த ஜோக்கை அவர் வருடத்துக்கு நான்கு தடவை சொல்வார். "மதியம் எடுத்த பாட்டில் தண்ணி சுத்தம். ஆனா மீன் செத்து மிதக்குதுன்னு ஜனங்க கத்துறாங்க. சாயப்பட்டறை வேலைதான். மூடச் சொல்லி உத்தரவு ரெடி. உங்க அறிக்கையையும் சேர்த்துட்டா முடிஞ்சுது."

"பட்டறை பாலத்தைத் தாண்டிக் கீழ இருக்கு சார். பூச்சி பாலத்துகிட்டயே காணோம். ஒரு நாள் குடுங்க, எங்க அத்துப்போகுதுன்னு பாத்துடறேன்."

மறுநாள் பாலத்திலிருந்து மேலே நடந்து, ஐம்பது அடிக்கு ஒரு கல்லாகப் புரட்டிக்கொண்டே போனாள். புழு, புழு, புழு. ஆறு வளையும் இடத்தில் புதருக்குள் தடித்த குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே மூவால் பூச்சிகள் நிறைய. கீழே ஒன்றுகூட இல்லை.

யார் குழாய் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. கரைக்கு அப்பால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். பதினொரு வருடமாக அவள் கணவன் வேலை பார்க்கும் இடம். பூட்ஸுக்குள் புகுந்த தண்ணீரைக்கூடக் கொட்டாமல் கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் அவன் ஷிப்ட் முடிந்து வந்து, ஒரு காலுறையை மட்டும் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்து கிடந்தான்.

"காலைல மதகைத் திறந்து விடுறீங்களா?"

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. குழாய்க்குக் கீழ பூச்சி இல்ல. மதியத் தண்ணி மட்டும் சுத்தமா இருக்கு."

அவன் கண்ணைத் திறந்தான். "தொட்டிக்குக் காத்தடிக்கிற மோட்டார் போய் எட்டு மாசம் ஆச்சு. காத்தில்லாம கழிவு சுத்தமாகாம தேங்கிட்டே வருது. எழுதி எழுதிக் கை வலிச்சதுதான் மிச்சம். தொட்டி வழிஞ்சா தெருவுக்குள்ள போகும். விடியக்காலைல ஒரு மணி நேரம் ஆத்துல விட்டுடுன்னு போன மாசம் மேலதிகாரி வாய்வார்த்தையா சொன்னாரு. விட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா? நீ பாட்டுக்கு எழுதிடுவ."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை.

"நான் எழுதலன்னா பட்டறையை மூடிடுவாங்க. முப்பது பேரு வேலை செய்யுறாங்க அங்க."

அவன் மற்றக் காலுறையை மெதுவாகக் கழற்றினான். "எழுது. மோட்டார் ஓடலன்னும் எழுது. நான் போட்ட கடுதாசி நகல் பீரோவுல இருக்கு. அதையும் வச்சுக்க."

அதிகாரி அறிக்கையை இரண்டு தடவை படித்தார். "உங்க வீட்டுக்காரர் அங்கதானே இருக்கார்? யோசிச்சுதான் எழுதினீங்களா?"

"யோசிக்கத் தெம்பில்ல சார். எண்ணினதை எழுதினேன்."

அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பட்டறை மூடப்படவில்லை. அங்கிருந்தவர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது. வாய்வார்த்தையாக உத்தரவிட்டவர், அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்துவிட்டார். அவள் கணவனை மூன்று மணி நேரத் தொலைவிலுள்ள நீரேற்று நிலையத்துக்கு மாற்றினார்கள். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டுப் போனான். இரண்டாம் மாதம் புது மோட்டார் வந்தது.

அதற்கு அடுத்த சுற்றில் பாலத்தடியில் தட்டை மூன்று தடவை சரிபார்த்துவிட்டு, கரையேறி அவனுக்குப் போன் செய்தாள்.

"மூவால் நாலு கெடச்சுதுங்க."

"நாலேதானா?"

"போன தடவை ஒண்ணுகூட இல்லயே."

"சரி," என்றான். மறுமுனையில் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. "நீ மொதல்ல ஈரத்தை மாத்து. சளி புடிச்சுக்கும்."

பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். இன்னும் இரண்டு இடம் பாக்கி இருந்தது.