ரேடியேட்டர் சத்தம்

உப அதிபர் ஹார்ட்லி என் மேசைக்கு வந்து நின்றால் எனக்கு ஒரு வேலை கூடப்போகிறது என்று அர்த்தம். பதினான்கு வருடமாக இந்தப் பாடசாலையில் பரீட்சைப் பொறுப்பாளராக இருக்கிறேன். ஒரு நாளாவது அந்த மனுசன் என் வேலையைக் குறைக்க வந்ததாக ஞாபகம் இல்லை. ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தின வாரம், கோட்டும் போட்டுக்கொண்டு குட்மேய்ஸ் பஸ்ஸைப் பிடிக்க வெளிக்கிட்டவளை மறித்து ஒரு படிவத்தை நீட்டினார்.

"சிவரூபினி, மே மாதப் பரீட்சைக்கு டாலியாவுக்கு ஒரு தனி அறை ஒழுங்கு செய்யுங்கள். எல்லாப் பாடத்துக்கும்."

எல்லாப் பாடத்துக்கும் என்றால் இருபத்திரண்டு வினாத்தாள். இருபத்திரண்டு தடவை ஓர் அறை, ஒரு மேற்பார்வையாளர், ஒரு மணிக்கூடு, கதவில் ஒட்ட ஓர் அறிவித்தல். நூற்றெண்பது பிள்ளைகளை மண்டபத்தில் இருத்தி எழுப்பவே எனக்கு ஆள் காணாது.

"ஏன், பிள்ளைக்குக் கை முறிந்துவிட்டதா?"

"இல்லை, இல்லை. அவள் ஒரு முறைப்பாடு கொடுத்திருந்தாள். தான் யூதப் பிள்ளை என்பதால் மூன்று பையன்கள் ஜனவரி மாதிரிப் பரீட்சையில் தன்னைச் சீண்டினார்களாம். விசாரித்தோம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அவளுக்கு ஆதரவாக நாங்கள் ஏதாவது செய்யவேண்டும், இல்லையா?"

"நடக்கவில்லை என்று எப்படித் தெரியும்?"

"உங்கள் பதிவேட்டில்தான் இருக்கிறதே!" என்று சிரித்தார். "மண்டபத்தில் கேட்டது ரேடியேட்டர் சத்தம் என்று நீங்களே மூன்று தடவை எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்குப் பெரிய உதவி."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. பரீட்சை நேரத்தில் யார் இருமினார்கள், யார் கழிப்பறைக்குப் போனார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினார்கள், மண்டபத்தைச் சூடாக்குகிற ரேடியேட்டர் எப்போது இரைந்தது என்று எல்லாம் எழுதி வைப்பதுதான் அந்தப் பதிவேடு. என்னுடையதில் ஒரு வரி பிழை பிடிக்க முடியாது என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் காலை டாலியா படிவத்தில் கையெழுத்து வைக்க வந்தாள். பதினாறு வயது, மெலிந்த பிள்ளை. வெயில் எறிக்கிற நாளிலும் ஜம்பரின் சிப்பைக் கழுத்து வரை இழுத்து விட்டிருந்தாள்.

"தனி அறை நல்லதுதானே, பிள்ளை. அமைதியாக இருந்து எழுதலாம். மண்டபத்தில் அந்த ரேடியேட்டர் வேறு," என்றேன்.

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். "மிஸ், அது ரேடியேட்டர் இல்லை."

"பின்னே?"

பல்லிடுக்கால் காற்றை விட்டுக் காட்டினாள். ஸ்ஸ்ஸ் என்று மெல்லிசாக, நீளமாக. "இதுதானே நீங்கள் கேட்டது?"

அதேதான்.

"காஸ், மிஸ். நாஜிகள் யூதர்களை அறைகளில் அடைத்துக் காஸ் அடித்துக் கொன்றார்கள் இல்லையா, அந்தச் சத்தம். நான் நடந்து போகும்போது செய்வார்கள். பஸ்ஸில் பின் சீட்டில் இருந்து செய்வார்கள். பரீட்சையிலும் செய்தார்கள். எங்கள் குடும்பத்தில் பதினொரு பேர் அப்படிச் செத்தவர்கள்."

ஜனவரி அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. முதல் நாள் கணிதம். மண்டபத்தின் இடப்பக்கச் சுவரோரம், டாலியா இருந்த இடத்தில் இரைச்சல் கேட்டது. நான் நேரே போனேன், ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன், வந்து எழுதினேன். அடுத்த நாளும் கேட்டது, அன்றைக்கும் எழுதினேன். மூன்றாம் நாள், பாவம் பிள்ளைக்குக் கரைச்சலாக இருக்கும் என்று அவளை எழுப்பி நடு மண்டபத்தில் இருத்தினேன். அங்கேயும் இரைந்தது. பேய்ச்சி, அப்போதாவது உனக்கு மூளை வேலை செய்ததா? தரைக்குக் கீழே போகும் குழாயில் காற்று அடைத்திருக்கலாம் என்று எழுதி வைத்தேன்.

"நீங்கள் உண்மையாகவே தேடினீர்கள், மிஸ்," என்றாள் டாலியா. "குனிந்து தரையைக்கூடப் பார்த்தீர்கள். அதைப் பார்த்து அவர்கள் இன்னும் சிரித்தார்கள். அவர்களை மட்டும் நீங்கள் பார்க்கவில்லை."

குறையாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

"சரி, பாடசாலை உனக்கு என்னதான் செய்தது?"

விரல் விட்டு எண்ணினாள். ஒவ்வொரு பாடத்திலிருந்தும் ஐந்து நிமிடம் முந்தி வெளியேறச் சொன்னார்களாம், நடையில் அவர்களைச் சந்திக்காமல் இருக்க. மத்தியானச் சாப்பாட்டை நூலகத்தில் வைத்துச் சாப்பிடச் சொன்னார்களாம். பஸ்ஸை மாற்றச் சொன்னார்களாம். கழுத்தில் கிடக்கிற, யூதர்களின் நட்சத்திரம் கோத்த சங்கிலியை ஜம்பருக்குள் விடச் சொன்னார்களாம். சிப்பை ஏன் கழுத்து வரை இழுத்திருந்தாள் என்று அப்போதுதான் விளங்கியது.

"அந்தப் பையன்களுக்கு?"

"அவர்களோடு கதைத்தார்கள்."

எனக்கு விசர் வந்தது. அடித்தவனை விட்டுவிட்டு, அடி வாங்கியவளை மூலை மூலையாக நகர்த்துகிறார்கள். அதற்குப் பெயர் ஆதரவு. இனி இருபத்திரண்டு மூலைக்கு நான் மணிக்கூடு மாட்ட வேண்டும்.

"நான் மண்டபத்தில் எல்லோரோடும் இருந்துதான் எழுதுவேன், மிஸ்," என்றாள். "அந்த அறைக்குப் போனால், ஒன்றும் நடக்கவில்லை என்று நானே கையெழுத்து வைத்தது மாதிரி ஆகிவிடும்."

படிவத்தை வாங்கி நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

கொதியோடு நேரே, கட்டடத்தைப் பராமரிக்கிற கெயார்டேக்கரைத் தேடிப் போனேன். பரமேஸ்வரன் அண்ணை. ஜெர்மனியில் இருபது வருடம் இருந்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே வந்தவர். கொதிகலன் அறை வாசலில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஜனவரியில மண்டபத்து ரேடியேட்டர் இரையுது எண்டு மூண்டு தரம் எழுதி அனுப்பினனான். என்ன செய்தனீங்கள்?"

"அதோ? அது நவம்பரிலயே செத்துப்போச்சு, தங்கச்சி. இடப்பக்கச் சுவர் முழுக்கச் சுடுதண்ணி லைன் பூட்டிக் கிடக்கு. கோடை லீவிலதான் ஆக்கள் வந்து மாத்துவினம்."

"அப்ப என்ன கோதாரிக்கு 'பார்த்தாச்சு' எண்டு டிக் போட்டனீங்கள்?"

"பார்த்தனான்தானே! குளிருது எண்டுதான் நீங்கள் சொல்லுறியள் எண்டு நினைச்சன். செத்த சாமான் எப்பிடியம்மா சத்தம் போடும்?"

நடந்ததைச் சொன்னேன். ஸ்ஸ்ஸ் என்று நான் தொடங்கவே அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். முகம் கறுத்துவிட்டது.

"எனக்குத் தெரியும், நீங்கள் செய்து காட்ட வேண்டாம். ஜெர்மனியில என்ர மகளின்ர வகுப்பில ஒருத்தன் உந்தச் சத்தத்தைச் செய்தவன். அடுத்த நாளே தாய் தேப்பனைக் கூப்பிட்டு இருத்திப் போட்டுதான் கதைச்சவை." தேத்தண்ணியைக் கீழே ஊற்றினார். "நான் என்னெண்டு கேட்காமல் டிக் போட, நீங்கள் விசாரிக்காமல் எழுத, ரெண்டு பேருமாச் சேர்ந்து அந்தப் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கிப் போட்டம்."

லைன் எந்தத் திகதியில் பூட்டப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார். மேசைக்கு வந்து என் பதிவேட்டைத் திறந்தேன். முதல் நாள் பதிவில் என் கையெழுத்திலேயே இருந்தது: ரேடியேட்டர் சத்தம், தொட்டுப் பார்த்தேன், குளிர். குளிர் என்று எழுதிய கைக்கு அது வேலை செய்யவில்லை என்று தெரியவில்லை. அதை வாசித்து விசாரணை செய்த பெரிய மனுசருக்கும் தெரியவில்லை.

மண்டப வரைபடத்தையும் எடுத்துப் பார்த்தேன். டாலியா முறைப்பாட்டில் எழுதிய மூன்று பெயரும் மூன்று நாளும் அவளுக்குக் கிட்டத்தான் இருந்தன. ஒருவன் லக்‌ஷன். மனோர் பார்க் முருகன் கோயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்து தேவாரம் படிக்கிற யோகமலரின் மகன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு எத்தனை நாள் என் காரில் ஏற்றிக்கொண்டு போய் விட்டிருப்பேன்!

ஹார்ட்லியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் அவர் மேசையில் பரப்பினேன்.

"ஜனவரிப் பதிவேட்டை இப்போது மாற்ற முடியாது, சிவரூபினி."

"மாற்றவில்லை. பழைய வரி அப்படியே இருக்கும். கீழே இன்றைய திகதி போட்டு, நான் எழுதியது பிழை என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன்."

"பாடசாலைப் பரிசோதகர்கள் எந்த நேரமும் வரலாம். இதைப் பெரிதாக்க வேண்டுமா?"

"நான் பெரிதாக்கவில்லை. அது பெரிசுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தனி அறை அவளுடைய நன்மைக்குத்தான்."

"தனி அறையைப் பரீட்சார்த்தி கேட்க வேண்டும். அவள் கேட்கவில்லை. நூலகத்தில் சாப்பிட, பஸ்ஸை மாற்ற, சங்கிலியை ஒளிக்க, எல்லாம் அந்தப் பிள்ளைதானா? அந்த மூன்று பேரும் ஒரு அங்குலமாவது நகர்ந்தார்களா?"

"மண்டபத்தில் ஏதாவது நடந்தால் அது உங்கள் பொறுப்பு."

"பதினான்கு வருடமாக அது வேறு யாருடைய பொறுப்பாக இருந்தது?" என்று கேட்டுவிட்டு வந்தேன். வந்து, திருத்திய பக்கத்தின் பிரதியை அதிபருக்கும் டாலியாவின் அம்மாவுக்கும் அனுப்பினேன். அனுப்பின பிறகுதான் உறைத்தது. என் பிழையை நானே ஊருக்கு அனுப்பியிருக்கிறேன்.

விடுமுறை முடிந்ததும் அதிபர் மூன்று பையன்களையும் பெற்றோரோடு கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார். இனி ஒரு தடவை என்றால் வெளியே என்று. அன்றைக்குப் பின்னேரமே யோகமலர் போன் எடுத்தாள்.

"அக்கா, பெடியன் சும்மா பகிடிக்குச் செய்தது. எங்கட பிள்ளையை நீங்களே காட்டிக் குடுத்திட்டீங்களே!"

"பகிடியோ? அது என்ன சத்தம் எண்டு அவரைக் கேட்டனீங்களோ?"

"தனக்குத் தெரியாதாம். மற்றப் பெடியள் செய்யத் தானும் செய்தவனாம்."

"தெரியாதவர் ஏன் யோகமலர், நூற்றெண்பது பேருக்குள்ள அந்த ஒரு பிள்ளையைப் பார்த்து மட்டும் செய்தவர்?"

"எங்களுக்கு ஏன் அக்கா உவையின்ர பிரச்சினை? நாங்கள் எங்கட பாட்டில இருந்தால் காணாதே?"

"உங்கட மகன் தன்ர பாட்டில இருக்கேல்லையே!" என்றேன். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. அவள் போனை வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை கோயிலில் என்னைக் கண்டும் காணாத மாதிரி, தேர் நிறுத்துகிற தேர்முட்டிப் பக்கம் திரும்பி நின்றாள். எனக்குக் கவலைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். பன்னிரண்டு வருடப் பழக்கம்.

மே மாதம், முதல் பரீட்சை உயிரியல். டாலியாவை அவளுடைய பழைய இடத்திலேயே, இடப்பக்கச் சுவரோரம் அந்தச் செத்த ரேடியேட்டருக்குப் பக்கத்திலேயே இருத்தினேன். மூன்று பையன்களையும் முன்வரிசைக்குக் கொண்டுவந்தேன், ஒருவனுக்கும் மற்றவனுக்கும் இடையில் ஐந்து மேசை விட்டு. டாலியா ஜம்பரைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். சங்கிலி சட்டைக்கு மேலே கிடந்தது.

வழக்கமான விதிகளை வாசித்து முடித்தேன். பிறகு தாளை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"ஜனவரியில் இந்த மண்டபத்தில் ஒரு சத்தம் கேட்டது. ரேடியேட்டர் என்று எழுதினேன். பிழை என்னுடையது. அந்த ரேடியேட்டர் நவம்பரிலிருந்து வேலை செய்யவில்லை. இன்றைக்கு அந்தச் சத்தம் கேட்டால் நான் சுவரைப் பார்க்கமாட்டேன். ஆளைப் பார்ப்பேன், பெயரை எழுதுவேன், அது பரீட்சைச் சபைக்குப் போகும். நீங்கள் தொடங்கலாம்."

நூற்றெண்பது தாள்கள் ஒரேயடியாகத் திரும்பின. டாலியா ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

ஒன்பது நாற்பத்திரண்டுக்குக் கேட்டது. மெல்லிசாக, நான் அந்தப் பக்கம் திரும்பி ஒருவனுக்குப் பென்சில் கொடுத்துக்கொண்டிருந்தபோது. இரண்டு பேர் கொடுப்புக்குள் சிரித்தார்கள். நான் திரும்பியபோது லக்‌ஷனின் தலை டாலியா பக்கம் திரும்பியிருந்தது, உதடு இன்னும் மூடவில்லை. கண்டுவிட்டேன் என்று அவனுக்கும் தெரிந்தது.

போய் அவன் மேசைக்கு முன்னால் நின்று பதிவேட்டைத் திறந்தேன். பாடசாலையில் ஐந்து வருடமாக என்னை மிஸ் என்று மட்டுமே கூப்பிட்டவன், தமிழில் கிசுகிசுத்தான்.

"அன்ரி, பிளீஸ். அம்மா அழுவா."

என் கை நின்றது. சனிக்கிழமைக் காலைகளில் காரின் பின் சீட்டில் இருந்து பிஸ்கட் கேட்கிற குரல் அது. மண்டபம் முழுக்க என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. டாலியாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரம் எழுதினேன். அவன் முழுப்பெயரை எழுதினேன். சத்தம் என்ற இடத்தில், யூத மாணவியைப் பார்த்துக் காஸ் சத்தம் செய்தான் என்று எழுதினேன். கையெழுத்து வைத்தேன்.

பிறகு மண்டபத்தில் பேனாச் சத்தம் மட்டும்தான். அரை மணித்தியாலம் போயிருக்கும். டாலியாவின் கை மேலே எழும்பியது. வெளியே போகப்போகிறாள், இவ்வளவும் வீணாய்ப் போச்சு என்று நினைத்துக்கொண்டு விறுவிறுவென்று போனேன்.

"மேலதிகத் தாள், மிஸ்," என்றாள். "இடம் காணாது."

ஒன்று கேட்டாள். நான் மூன்று கொடுத்தேன்.