கேதீஸ்வரியின் வேனில் ஒழுகிய பம்ப்

ஆரையம்பதியில் அந்த ஒழுங்கைக்குள் யாரோ வெற்றிலை துப்பிவிட்டுப் போகிறார்கள் என்று ஆச்சிப்பிள்ளை ஒரு கிழமையாக ஊரைக் கூட்டி ஏசிக்கொண்டிருந்தாள். வெள்ளை மணலில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. மீன்காரனை ஏசினாள், தபால்காரனை ஏசினாள், வெற்றிலையே போடாத சங்கக்கடை மனேஜரையும் விடவில்லை. கடைசியில் அது எதிர்வீட்டு வேனிலிருந்து ஒழுகும் எண்ணெய் என்று தெரிந்தபோது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றந்தான்.

எதிர்வீட்டு உதயரூபனுக்கு அது முதல் நாளே தெரியும். ஒழுகியது ஸ்டியரிங்கை லேசாகத் திருப்ப உதவும் பவர் ஸ்டியரிங் பம்ப். காலையில் மணலைக் காலால் தள்ளி மூடிவிட்டு, போத்தல் எண்ணெயை ஊற்றி நிரப்பிக்கொண்டுதான் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போவான். எண்ணெய் குறைந்தால் பம்ப் முனகும். இன்னும் குறைந்தால் ஸ்டியரிங் கல்லாய் இறுகும். இறுகினால் உதயரூபனின் கதை முடிந்தது.

ஏனென்றால் அவனுடைய இடக்கையில் பிடி இல்லை. ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு காலை, செங்கலடியில் தமையன் வீட்டில் நிற்கும்போது, அந்தக் கை சொல்லாமல் கொள்ளாமல் தொங்கிவிட்டது. வேனைத் தமையனின் வளவுக்குள் விட்டுவிட்டு, தெரிந்தவர் ஒருவரும் வராத பொலன்னறுவை ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தான். வீட்டுக்கு வந்து, மண்டூர்த் திருவிழாவுக்கு ஆள் ஏற்றிப் போனதாகச் சொன்னான். திருவிழாவுக்குப் போனவன் ஒரு பொட்டலம் கச்சான் கடலைகூட வாங்கி வரவில்லையே என்று மனைவி கேதீஸ்வரி கேட்டாள். அத்தோடு விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து இடக்கையை ஸ்டியரிங்கில் படம் மாட்டியதுபோல வைத்துக்கொண்டு வலக்கையால் ஓட்டினான். கியர் தானாக மாறும் வேன் அது. பவர் ஸ்டியரிங் இருக்கும்வரை ஒரு கை போதும். பத்தொன்பது பிள்ளைகள் ஏறும் வேன் என்பது அவனுக்கு நினைவு வராமலில்லை. வந்தபோதெல்லாம் ரேடியோவைக் கூட்டினான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அதற்குள் வந்து குடியிருப்பவன். வேனும் கேதீஸ்வரியின் பெயரில். வயல் வட்டையில் அவளுக்குச் சீதனமாக வந்த காணியை விற்று வாங்கியது. ஒரு சூட்கேசோடு வந்த உதயரூபனுக்குத் தன்னுடையது என்று சொல்ல டிரைவர் சீற் ஒன்றுதான் இருந்தது. இருபது வருடமாக அதில் இருந்துகொண்டு ‘என்ட வேன்’ என்று சொல்லி வந்தான். ஊரும் சிரிக்காமல் கேட்டுக்கொள்ளப் பழகியிருந்தது.

“பம்ப்ப மாத்திருவம். அரைநாள் வேலை,” என்றான் அவன்.

“மாத்துறதெண்டா? ஜப்பான்ல ஆரோ கழட்டி வீசினதத்தானே கொண்டந்து பூட்டுவாங்கள்,” என்றாள் கேதீஸ்வரி. “உள்ளுக்குள்ள ரப்பர் சீல மாத்தினாக் காணுமாம். தம்பி சொன்னவன்.”

தம்பி என்பது தனோஜன். கட்டாரில் சாமான் தூக்கித் தூக்கிப் புயத்தை உரல்போல ஆக்கிக்கொண்டு வந்து, எட்டு மாதமாக அக்காவின் சோற்றில் அதைப் பராமரித்துக்கொண்டிருந்தவன்.

“அவனுக்கு என்னகா தெரியும்? சீல் போட்டா ஒரு கிழமையில திரும்பவும் ஒழுகும்.”

“ஒழுகினா மறுகாப் பாப்பம். உங்களுக்கு ஏன் இவ்வளவு அந்தரம்? கராச்காரன் கொமிஷன் தாறானோ?”

அவள் அப்படி நினைப்பதே நல்லது என்று உதயரூபனுக்குப் பட்டது. கள்ளன் என்று பெயர் எடுத்தவனும் வேன் ஓட்டலாம்.

சனிக்கிழமை காத்தான்குடியில் அம்ஜத்தின் கராச்சுக்குப் போனபோது அக்காவும் தம்பியும் கூடவே ஏறிக்கொண்டார்கள். கொமிஷனைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் என்று உதயரூபன் நினைத்தான். மடியில் ஒன்றும் இல்லாததால் அந்த ஒரு விடயத்தில் நிம்மதியாக இருந்தான்.

அம்ஜத் பெல்ட்டைக் கழற்றினான். பம்பைப் பிரித்து, நடுத்தண்டைத் துடைத்து, நகத்தால் தடவினான்.

“இஞ்ச பாருங்க அண்ணன், நகம் இடறுது. தண்டுல கோடு விழுந்திரிக்கி. புது சீல் போட்டாலும் இந்தக் கோடு அதத் திண்டுரும். ஒரு மாசம், இல்லாட்டி ஒரு கிழமை. மாத்துறதுதான் நல்லம்.”

“நான் சொன்னனானே! கேட்டீங்களா? மாத்து தம்பி, இப்பவே மாத்து!”

உதயரூபன் கத்திய கத்தலில் பக்கத்துத் தேநீர்க் கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். பம்ப் பழுதென்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதனை அவர்கள் கண்டதில்லை. கேதீஸ்வரி மட்டும் அவனுடைய சேட்டுப் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து, உள்ளே நின்ற லொறி வெளியே போக வழி கேட்டது.

“அண்ணன், பம்ப்ப மூடிப் பூட்டிட்டன். வேனக் கொஞ்சம் ஒடிச்சு அங்கால விடுங்க,” என்றான் அம்ஜத். “பெல்ட் இல்ல, பம்ப் ஓடாது. இறுக்கமா இரிக்கும். ரெண்டு கையாலயும் இழுங்க.”

“தனோஜன் எடுப்பானே,” என்றான் உதயரூபன்.

“ஏன்? உங்கட வேன்தானே. நீங்களே எடுங்க,” என்றாள் கேதீஸ்வரி.

ஏறினான். வலக்கையால் இழுத்தான், ஸ்டியரிங் அரைச்சாண் வந்து நின்றது. இடக்கையைத் தூக்கி மேலே போட்டு இழுத்தான். அது வழுக்கி மடியில் விழுந்தது. திரும்ப எடுத்துப் போட்டான். திரும்பவும் விழுந்தது. லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். தேநீர்க் கடையில் ஒருவன், “வேனத் தாலாட்டுறார்டா,” என்றான்.

“பூட்டிக்கிட்டு நிக்குது. என்னவோ பழுது,” என்று இறங்கினான் உதயரூபன், வேர்த்து ஊற்ற.

தனோஜன் ஏறினான். பல்லைக் கடித்து இரண்டு இழுவை. வேன் திரும்பி ஒதுங்கியது. “பழுதொண்டும் இல்ல அத்தான். பலம்தான் வேணும்,” என்று இறங்கிப் புயத்தைத் தடவிக்கொண்டான்.

கேதீஸ்வரி கடையில் ஒரு தேநீர் வாங்கி வந்தாள். “களைச்சுப் போயிட்டீங்க. குடிங்க.”

அவன் வலக்கையை நீட்டினான். அவள் கிளாஸைக் கொடுக்கவில்லை.

“மற்றக் கையால.”

“கேதீஸ்...”

“மற்றக் கையால வாங்குங்க.”

கிளாஸ் அவனுடைய விரல்களுக்குள் ஒரு நொடி நின்றது. பிறகு காலில் கொட்டி உடைந்தது. தேநீர்க் கடையில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். நல்ல கதையில் ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதே.

“மூணு மாசமா ஒத்தக் கையால பொத்தான் பூட்டுறீங்க,” என்றாள் அவள், குரலை ஏற்றாமல். “நண்டு உடைக்க ஏலாம, முருங்கக்காயும் பருப்பும் காணும் எண்டீங்க. நான் குருடெண்டு நினைச்சீங்களா?”

“தெரிஞ்சா... ஏன் கேக்கல்ல?”

“உங்கட வாயால சொல்லுவீங்க எண்டு பாத்தன். அதுக்குள்ள தம்பிக்கு லைசன்சும் எடுக்க வேண்டியிருந்திச்சு.”

உதயரூபன் தனோஜனைப் பார்த்தான். தனோஜன் லொறி போன பக்கத்தைப் பார்த்தான்.

அம்ஜத் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் துடைத்தான். “அப்ப அக்கா, பம்ப்ப என்ன செய்ற? சீல் போடவா, மாத்தவா?”

“ரெண்டும் வேணாம். பெல்ட்டக் கழட்டினபடியே விடுங்க. ஓடாத பம்ப் ஒழுகாதுதானே?”

“ஒழுகாது. ஆனா ஓட்டப் பாரமா இரிக்கும்.”

“ஓட்டுறவனுக்குக் கை நல்லாத்தானே இருக்கு.”

பம்ப்பை மாற்றச் சொல்லி உதயரூபன் வாய் திறந்தான். யாருக்காக மாற்றச் சொல்வது என்று யோசித்து மூடிக்கொண்டான்.

வீட்டுக்குப் போக எல்லாரும் ஏறினார்கள். தனோஜன் டிரைவர் சீற்றில் இருந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினான். கேதீஸ்வரி முன்னால் ஏறிக்கொண்டாள். உதயரூபன் முன்கதவைப் பிடித்தபடி நின்றான்.

“பின்னுக்கு ஏறுங்க,” என்றாள். “திங்கக்கிழமையில இருந்து புள்ளயள் ஏற, இறங்கக் கதவு திறக்க ஒரு ஆள் வேணும். அதுக்கு ஒரு கை காணும்.”

பிள்ளைகளுக்கென்று போட்ட குட்டைச் சீற்றில், முழங்கால் நெஞ்சில் முட்ட அவன் இருந்தான். வலக்கையால் கதவை இழுத்தான். கேதீஸ்வரி திரும்பிப் பார்த்தாள்.

“சரியாப் பூட்டுப்படல்ல. இன்னொருக்கா.”