உஷாராணி வீட்டு வெல்லம்

"வயித்துப் பாப்பாவுக்கு இனிப்பு வேண்டாம்னா, அது எப்படிம்மா சொல்லும்?"

நாலு வயது இனியா ஒருநாள் இப்படிக் கேட்டபோது தனப்பிரியாவின் வாயில் பாதிக் கச்சாயம் இருந்தது. வாயைத் திறந்து பதில் சொல்ல முடியவில்லை. மகளின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு மீதிக் கச்சாயத்தையும் தின்று முடித்தாள்.

கச்சாயம் பக்கத்து வீட்டு உஷாராணி கொடுத்தனுப்பியது. அரிசி மாவை வெல்லப் பாகில் பிசைந்து, சூடு பறக்க எண்ணெயில் சுட்டு எடுத்தது. முந்தின நாள் பாசிப்பருப்புப் பாயசம் வந்தது. அதற்கு முந்தின நாள் பருப்புப் பூரணம் வைத்துத் தட்டிய ஒப்பிட்டு. தனப்பிரியாவுக்கு ஆறாம் மாதம். மாசமாக இருக்கிறவளின் ஆசையைத் தட்டினால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பது அந்த ஊரில் பஞ்சாங்கத்தில் போட்டது போல எல்லோரும் நம்புகிற சங்கதி. ஆசை இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் மட்டும் யாருக்கும் இல்லை. கேட்காமலே கொடுத்துவிட்டால் காது பத்திரம்.

பரமத்தி வேலூரிலிருந்து ஜேடர்பாளையம் போகிற வழியில், வாய்க்கால் பாயும் கரும்புக்காட்டு ஊர் அது. உஷாராணியின் கணவர் வேலுசாமி சொந்தமாக ஆலைக் கொட்டாய் போட்டுக் கரும்புச்சாறு காய்ச்சுகிறார். பாகு பதமாகிற நேரத்தில் தெரு முழுக்க மணக்கும். விருந்தாளி வந்தால் முதலில் ஒரு வெல்லக்கட்டியும் ஒரு கை நிலக்கடலையும் தருவார்கள். காபியிலும் வெல்லம்தான். கடையில் விற்கிற வெள்ளைச் சர்க்கரையை அந்த ஊர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை.

உஷாராணிக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. பிள்ளையில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டதில்லை. தெருவில் எந்தப் பெண் மாசமானாலும் முதல் தட்டு அவள் வீட்டிலிருந்துதான் போகும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இனிப்புத் தண்ணீரைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கர்ப்ப காலத்துச் சர்க்கரை என்று தெரிந்தது. சர்க்கரையை நிறுத்துங்கள் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். தனப்பிரியா சொன்ன பேச்சைக் கேட்கிறவள். வீட்டுக்கு வந்ததும் சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து உஷாராணி பார்த்தாள்.

"ஏனம்மிணி, டப்பாவுக்குக் குளிப்பாட்டு நடக்குது?"

"சக்கரை கூடிப்போச்சுங்கக்கா. நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"அந்த வெள்ளைக் கருமத்தை நிறுத்தறது நல்லதுதான். வெல்லம் வேண்டாம்னாங்களா?"

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க."

"எப்படிச் சொல்லுவாங்க? வெல்லம் மருந்தாச்சே! அத்தனையும் இரும்புச் சத்து. இனிமே உனக்கு வேண்டியதெல்லாம் நம்ம ஊட்டு வெல்லத்துலயே பண்ணித் தாரேன். நீ கவலைப்படாதே கண்ணு."

தனப்பிரியாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. வெல்லத்தைச் சர்க்கரை என்று அவள் பிறந்ததிலிருந்து ஒருவரும் சொன்னதில்லை.

அடுத்த முறை போனபோது சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது. டாக்டர் யாழினி சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சாமி சத்தியமா சக்கரையைத் தொடவே இல்லீங்க டாக்டர்," என்றாள் தனப்பிரியா. அழுகை வந்துவிட்டது.

"அழாதீங்க. காபிக்கு என்ன போடறீங்க?"

"வெல்லங்க."

"வேற?"

"கச்சாயம், ஒப்பிட்டு, பாயசம்… ஆனா எல்லாமே வெல்லந்தானுங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். கேலியில்லாத சிரிப்பு. "நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். எங்க அம்மாவுக்கும் சர்க்கரை இருக்குது. இன்னிக்கு வரைக்கும் வெல்லத்தை ஒளிச்சு வெச்சுத் தின்னுட்டு, இது மருந்துன்னுதான் எங்கிட்டச் சொல்லுது. ரெண்டும் கரும்புதானுங்க தனப்பிரியா. ரத்தத்துக்கு நிறம் தெரியாது."

பிறகு பொறுமையாகச் சொன்னார். பட்டினி கிடக்கக் கூடாது. சோற்றைக் குறைத்து, கீரை, பயறு, காய், முட்டை, மோர் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிட வேண்டும். சாப்பிட்டபின் நடக்க வேண்டும். அடுத்த முறை குறையாவிட்டால் இன்சுலின் போட வேண்டும். அது ஒன்றும் கெட்டதில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் இப்படியே விட்டால் பிள்ளை அளவுக்கு மீறிப் பருத்துவிடும்.

பருத்துவிடும் என்ற சொல்லைக் கேட்டதும் தனப்பிரியாவுக்கு இனியா பிறந்த நாள் நினைவுக்கு வந்தது. இனியா நாலு கிலோவுக்கு மேல். பிறக்கும்போது தோள் மாட்டிக்கொண்டு, நர்ஸ்கள் நாலு பக்கமும் ஓடி, பிள்ளை அழுவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்தச் சில நிமிடங்களை அவள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இன்னொரு முறை அப்படி நடந்தால்?

அவள் மனதில் உறுதி வந்துவிட்டது. ஆனால் உஷாராணியிடம் எப்படிச் சொல்வது? பிள்ளையில்லாதவள் ஆசையாகச் செய்து கொடுப்பதை, அதுவே என் பிள்ளைக்குக் கெடுதல் என்று சொல்ல எப்படி நாக்கு வரும்? சொல்லாமல் சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த வழியின் பெயர் கந்தவேல்.

அவள் கணவன் கந்தவேல் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். சாயங்காலம் பசியோடு வருவான். வருகிற தட்டையெல்லாம் அவன் முன்னால் வைத்தாள் தனப்பிரியா. அவனும் பெண்டாட்டி சொல் தட்டாதவன். ஒரு மாதத்துக்குள் சட்டையின் நடுப் பொத்தான் அறுந்து விழுந்தது. பட்டறையில், "என்ன மாப்ள, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வளைகாப்பா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உஷாராணி பணியாரத் தட்டைக் கொடுத்துவிட்டுப் போனவள், மூடித் தட்டை வாங்க மறந்து, பின்பக்கமாகத் திரும்பி வந்தாள். தண்ணீர்த் தொட்டி மறைவில் கந்தவேல் குந்த வைத்து, இரண்டு கன்னமும் உப்ப, பணியாரம் தின்றுகொண்டிருந்தான்.

"ஏன்டா, மாசம் உனக்கா அவளுக்கா? கர்ப்பிணி வாயில போறதைப் பறிச்சுத் தின்னறயே, உனக்குச் செரிக்குமா?"

கந்தவேலுக்குப் பேச்சு வரவில்லை, பணியாரம் வழிவிட்டால்தானே. சத்தம் கேட்டு தனப்பிரியா ஓடி வந்தாள்.

"அவரைத் திட்டாதீங்கக்கா. நாந்தான் திங்கச் சொன்னேன்."

"ஏன், நான் செய்யறது உனக்குப் புடிக்கலையா?"

"புடிச்சுதுங்கக்கா. அதுதான் வினையாப் போச்சு." தனப்பிரியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். வெல்லமும் சர்க்கரைதான் என்று டாக்டர் சொன்னதை, இனியா பிறந்தபோது நடந்ததை, பிள்ளை பருத்துவிடுமோ என்ற பயத்தை.

உஷாராணி மெதுவாக, "நானா புள்ளைக்குக் கெடுதல் பண்ணிப்போட்டேன்?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். மூடித் தட்டை அப்போதும் எடுக்கவில்லை.

மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தனப்பிரியாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பட்டினி கிடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வர, அழுதுகொண்டே கீரைச் சோறு தின்றாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலில் குரல் கேட்டது.

"அம்மிணி! செருப்பைப் போடு. நடக்கோணும்."

உஷாராணி ஒரு தூக்குப்போசியோடு நின்றாள். உள்ளே முருங்கைக்கீரைப் பொரியலும் கடைந்த பச்சைப்பயறும் இருந்தன. "நான் போயி அந்த டாக்டரம்மாவையே கேட்டுப்போட்டு வந்துட்டேன். நடு ஹால்ல நின்னு, எங்க வெல்லத்தை எப்படிச் சக்கரைங்கலாம்னு சண்டை போடத்தான் போனேன். அது சிரிச்சுக்கிட்டே எனக்கும் ஒரு ஊசியைக் குத்தி ரத்தத்தைப் பாத்துப்போடுச்சு. எனக்கும் இருக்குதாமா. இனிமே ரெண்டு பேருந்தான் நடக்கோணும்."

"அக்கா, எம்மேல கோவமுங்களா?"

"கோவந்தான். மொதல்லயே சொல்லியிருந்தா உம்பட ஊட்டுக்காரனாச்சும் தப்பிச்சிருப்பானல்ல?"

அன்றிலிருந்து தெருவில் தட்டுகளின் நிறம் மாறியது. உஷாராணி யாருக்கு என்ன சொன்னாளோ, ஒரு வீட்டிலிருந்து கொள்ளு ரசம் வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து அவித்த முட்டை வந்தது, கோழிப்பண்ணைக்காரர் வீட்டிலிருந்து அட்டையோடு முட்டை வந்தது. "காதுல சீழ் வடியுமேடி?" என்று கேட்ட ஒருத்தியிடம் உஷாராணி, "ஆசை கீரை மேலதானாமா. வேண்ணா அவளையே கேட்டுக்க," என்றாள். சாயங்காலமானால் இருவரும் வாய்க்கால் கரையில் நடந்தார்கள். பின்னால் கந்தவேல் பொத்தான் தைத்த சட்டையோடு நடந்தான். இனியா அவன் தோளில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, வேகமா!" என்று அதட்டினாள்.

அடுத்த பரிசோதனை கட்டுச்சோறு விருந்துக்கு மறுநாள் என்று அமைந்தது. எட்டாம் மாதம் தாய்வீட்டிலிருந்து வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து மகளுக்கு ஊட்டுகிற நாள் அது. ஓமலூர்ப் பக்கமிருந்து அம்மா கந்தம்மாள் ஒரு வேன் நிறைய உறவோடு வந்து இறங்கினாள். தனப்பிரியா இறக்கிய பாத்திரங்களை எண்ணிப் பார்த்தாள். ஏழு வகைச் சோற்றிலும் ஒவ்வொரு உறவுக்காரியும் ஒரு கவளம் ஊட்டினால் நாளைக்குச் சீட்டில் என்ன வரும்? வேண்டாமென்றால் வீட்டு வாசலிலேயே சண்டை வருமே.

மூடிகளைத் திறந்தார்கள். எலுமிச்சைச் சோறு சாமையில் இருந்தது. தக்காளிச் சோறு தினையில். தயிர்ச்சோறு வரகில். பக்கத்தில் குண்டான் நிறையக் கீரையும், சுண்டலும், வாழைப்பூப் பொரியலும்.

"இதென்ன கந்தம்மா, கிளிக்கு வெக்கிற தீனியாட்ட இருக்குது?" என்று மயில்சாமிப் பெரியப்பா கேட்டார்.

"கிளி இளைச்சுத்தானுங்க பெரியப்பா இருக்குது," என்றாள் தனப்பிரியா. பந்தலே சிரித்தது.

கந்தம்மாள் மகளின் காதோரம் குனிந்தாள். "உஷாராணி போன் மேல போன் போட்டு எம்பட உசுரை வாங்கிப்போட்டா. ஆளுக்கு ஒரு கரண்டிக்கு மேல ஊட்டக் கூடாதாமா. காவலுக்கு வேற வந்து நிக்கறா பாரு."

உஷாராணி நிஜமாகவே கரண்டியோடு நின்றாள். சாமிக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கலில் நெல்லளவு எடுத்து தனப்பிரியாவின் நாக்கில் வைத்தாள். மீதியை ஊருக்கே பங்கிட்டாள். தன் இலையில் மட்டும் வைக்கவில்லை.

மறுநாள் சீட்டைப் பார்த்து டாக்டர் யாழினி தலையசைத்தார். "குறைஞ்சிருக்குதுங்க. ஊசி வேண்டாம். இப்படியே போங்க."

ஆவணியில் பையன் பிறந்தான். மூன்று கிலோ. தோள் மாட்டவில்லை, யாரும் ஓடவில்லை. வெளியே வந்ததும் ஊரையே எழுப்புகிற மாதிரி அழுதான். கவின் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைக்கிற அன்று உஷாராணி பிள்ளையை மடியில் வாங்கி முதலில் காதைத்தான் திருப்பிப் பார்த்தாள்.

மார்கழி பிறந்தது. உஷாராணி தினமும் விடியுமுன் வாய்க்காலில் குடம் முக்கி, அரசமரத்துப் பிள்ளையாருக்கு ஊற்றப் போகிறாள் என்று தனப்பிரியாவுக்குத் தெரியும். ஊரில் பல பெண்கள் செய்வதுதான். பாதி மாதம் போனபின் ஒரு நாள் ஈரப் படித்துறையில் வழுக்கி அவளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. தனப்பிரியா கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். உஷாராணி கட்டுப் போட்ட காலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். வேலுசாமி வாசலில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கால் வலிக்கு அழுவலீங்க அம்மிணி. வேண்டுதல் பாதியில நிக்குதேன்னுதான் அழுவறா. உம்பட புள்ளை சுகமாப் பொறந்தா மார்கழி முழுக்கத் தண்ணி ஊத்தறேன்னு வேண்டிக்கிட்டாளாமா. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டா. நானும் சொல்லலேன்னே வெச்சுக்க."

தனப்பிரியா கஞ்சியை வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் கவினுக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, மற்றப் பெண்கள் எழுமுன்னே குடத்தை இடுப்பில் வைத்துக் கிளம்பினாள். பனி வாய்க்கால்மேல் புகை போலக் கிடந்தது. தண்ணீர் கையை வெட்டியது. பிள்ளையாரின் தலையில் ஊற்றினாள். தண்ணீர் தும்பிக்கையில் வழிந்து, மேடையில் இறங்கி, அரசமர வேருக்குள் போயிற்று. ஒருவர் வேண்டியதை இன்னொருவர் செய்தால் சாமி ஏற்குமா என்று அவளுக்குச் சின்னச் சந்தேகம் இருந்தது. பனியில் நனைந்து நிற்கிற அந்த முகத்தைப் பார்த்தபோது, இவர் அப்படியெல்லாம் கணக்குப் பார்க்கிறவர் இல்லை என்று தோன்றியது.

"இது உஷாராணியக்காவுதுங்க சாமி," என்று மட்டும் சொன்னாள்.

மார்கழி முடிகிற வரைக்கும் ஒருநாளும் விடவில்லை. கடைசி நாள் ஊற்றிவிட்டு, குடத்தைக் கவிழ்த்து ஒட்டியிருந்த சொட்டையும் வேரில் உதறினாள். தெருவில் இன்னும் ஒரு விளக்கும் எரியவில்லை. ஈரமான முந்தானையைப் பிழிந்து செருகிக்கொண்டு, கவின் விழிப்பதற்குள் வீடு சேர வேண்டும் என்று எட்டி நடந்தாள்.