அண்ணன் ஜெயித்த பந்தயம்

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் நடந்த மலைப்பாதை மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் என் அண்ணன் முதலாவதாக வந்தார். அந்த நேரத்தில் அவர் வீட்டில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார் என்பது சின்ன விவரம்.

பெண்களுக்கு அனுமதி இல்லை என்பது பந்தயம் நடத்திய கிளப்பின் விதி. வண்டி குலுங்கினால் எங்கள் உடம்புக்கு ஆகாதாம். மூட்டை மூட்டையாகத் துணி துவைத்தால் மட்டும் ரொம்ப ஆகும். அதனால் அண்ணன் பெயரைக் கொடுத்து, அவர் சட்டையை மாட்டி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓட்டிவிட்டு வந்தேன். மாலையில் கோப்பை வாங்க அவர் போனார், பஸ்ஸில். சைக்கிளே அவருக்குத் தகராறு.

இப்போது கிளப்பின் ஐம்பதாவது ஆண்டு விழா. சுவரில் ஜெயித்தவர்களின் பெயரைக் கல்லில் பதிக்கிறார்கள். அங்கே என் பெயர் வரவேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

"இப்பப் போய்ச் சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார் அண்ணன்.

"நல்லா இருக்காதுண்ணா. உண்மையா இருக்கும்."

மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர், கடைசியில் மேடையிலேயே சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

சொல்லவும் சொன்னார். "அன்னைக்கு ஓட்டினது நான் இல்ல. என் தங்கச்சி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் கிளப் தலைவர் எழுந்துவிட்டார். "பாத்தீங்களா! ஜெயிச்ச பந்தயத்தையே தங்கச்சிக்கு விட்டுக்குடுக்கறாரு. இந்த மனசு யாருக்கு வரும்?"

கைதட்டல் காதைப் பிளந்தது. அண்ணன் மறுக்க வாயைத் திறந்தார். பூங்கொத்து ஒன்று வந்தது. இரண்டாவது பூங்கொத்து வந்ததும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தயத்தில் ஓடிய அதே வண்டியைத் துடைத்து மேடைக்குக் கீழே நிறுத்தியிருந்தார்கள். அதன் பக்கத்தில் போய் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"அண்ணா, எல்லாரும் ஆசைப்படறாங்க. மைதானத்த ஒரு சுத்து சுத்திட்டு வாங்களேன்!"

"ஆமா, ஆமா!" என்று தலைவரே அவரைத் தள்ளிக்கொண்டு வந்து வண்டியில் உட்கார வைத்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அண்ணன் கையில் இன்னும் மைக் இருந்தது. என் பக்கம் குனிந்து ரகசியமாகத்தான் கேட்டார். மைதானம் முழுக்கக் கேட்டது.

"ஏம்மா, இத எப்படிம்மா ஸ்டார்ட் பண்றது?"