மூடிய கைக்குள் கொயினா

"வுடு அத்தே! வெரலை ஒட்ச்சாலும் தொறக்க மாட்டேன்!"

மருமகள் குணசுந்தரியின் வலது கையை மடியில் அழுத்திக்கொண்டு, மூடிய விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்துக்கொண்டிருந்தாள் கோவிந்தம்மா. கட்டைவிரல் பிரிந்துவிட்டது. உள்ளே இருந்தது இரண்டே இரண்டு வெள்ளை மாத்திரை. மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா.

இன்று முறைக்காய்ச்சல் வரும் நாள். ஒருநாள் விட்டு ஒருநாள், உச்சிவேளைக்குச் சொல்லிவைத்த மாதிரி நடுக்கம் வரும். வந்துவிட்டால் கை தானாகத் திறந்துகொள்ளும். அதற்குள் முழுங்கியாக வேண்டும்.

ஆறு மாத வயிற்றோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவது? குணசுந்தரி சட்டென்று குனிந்து மாமியாரின் மணிக்கட்டைக் கடித்தாள். பிடி விட்டது. மூலைக்குத் தாவி உலக்கையைத் தூக்கிக்கொண்டாள்.

"கடிக்கிறாளே! மருமவ என்னக் கடிக்கிறாளே!"

காசிமேட்டுக் குப்பத்தில் இந்தச் சத்தம் போதாதா? வாசலில் பத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு வந்தான் புருஷன் கோதண்டம். கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டு நேராக வந்திருந்தான். இடுப்புத் துணியில் உப்புத்தண்ணி சொட்டியது.

"இன்னாம்மா பேஜாரு?"

"கல்மண்டபத்து நர்சு ஃப்ளோரன்சு வந்து குட்த்துட்டுப் பூட்டாடா. போன வருசம் ஏழாம் மாசம் ஆம்பளப் புள்ள செத்துப் பொறந்துச்சே, எதால? இந்தக் கொயினாவாலதானே! மறுபடி துன்னப் போறாளாம்!"

கோதண்டத்தின் முகம் சுண்டியது. போன வருஷமும் இதே காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த கொயினாப் பொட்டலத்தைப் பிரித்து, வேளை தவறாமல் பெண்டாட்டி வாயில் மாத்திரையைப் போட்டவன் அவன்தான். பொட்டலம் தீர்ந்த மறுநாள் பிள்ளை போயிற்று. குப்பமே கணக்குப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து பிள்ளைத்தாய்ச்சி எவளும் கொயினாவைத் தொடுவதில்லை. போன மாதம் பக்கத்து வீட்டுப் பவுனம்மாளும் தொடவில்லை. காய்ச்சலிலேயே கிடந்து, வயிற்றுப் பிள்ளையோடு மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"குணா, குட்த்துடு," என்றான் கோதண்டம். குரல் கெஞ்சியது. "ஒரு புள்ளய என் கையாலயே கொன்னுட்டேன். போதும்."

"கிட்ட வராத மாமா. மண்ட பொளந்துடும்!"

"நர்சுக்கு இன்னா தெரியும்? அவளா பெத்துக்கப் போறா?" என்றாள் வாசலில் நின்ற கெங்கம்மா.

"நீயா பெத்துக்கப் போற? வாய மூடு!" குணசுந்தரி சீறினாள். "புள்ளய எடுக்கிறது காய்ச்சல்தான், மருந்தில்லன்னு நர்சம்மா சொல்லிச்சு. கஞ்சி குடிச்சுட்டு, சொன்ன அளவுக்கு, சொன்ன நாளு வரிக்கும் வுடாம முழுங்கணும். காது ரீங்னு கத்தும், பயப்படாதன்னுச்சு."

பல் கிட்டத் தொடங்கியது. நடுக்கம் முதுகில் ஏறியது. கலயத்தில் மிச்சமிருந்த கஞ்சியோடு இரண்டையும் வாயில் போட்டு விழுங்கினாள். தொண்டை முழுக்கக் கசப்பு. கண்ணில் நீர் தெறித்தது.

கோவிந்தம்மா மாரில் அடித்துக்கொண்டாள். கோதண்டம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

குணசுந்தரி உலக்கையை நழுவவிட்டு, அவன் எதிரே மண்டியிட்டாள். வாயைத் திறந்தாள். நாக்கை மேலே தூக்கிக் காட்டினாள்.

"நல்லா பாரு மாமா. காலியா?"

"காலிதான்... எதுக்குடி இதெல்லாம்?"

"போன வருசம் நீ பாக்கல." அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "தெருக்கொழா கிட்ட தண்ணி புடிக்கிற பொம்பளைங்க பயங்காட்டிட்டாங்க, கரு கரஞ்சிடும்னு. நீ போட்ட மாத்திரைய நாக்குக்கு அடியில ஒதுக்கிக்கினு, பொறக்கடைல போய்த் துப்பிட்டேன். எல்லாத்தையும். புள்ள போனப்புறம் சொல்ல வாய் வர்ல. பவுனு செத்தப்பவும் வர்ல. அன்னிக்கு ஒரு கொயினாகூட என் வயித்துக்குள்ள போவல மாமா."